டெல்லியில் பேனா அசைந்தால் விஸ்வநத்தத்தில் கொட்டகை நகரும், தெரியுமா?

ஒரு வீடு, இருந்த இடத்தை விட்டு அங்குலம்கூட நகராமல் நான்கு மாவட்டங்களில் இருந்திருக்க முடியுமா? முடியும்! சிவகாசிக்குத் தெற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் விஸ்வநத்தத்தில் கொள்ளுத்தாத்தா காலத்து ஓட்டு வீடு ஏதாவது இன்னும் நின்றால் அதன் ஜாதகம் இதுதான். 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. அந்த வருடம் ராமநாதபுரம் ஜில்லா உண்டானதும் அதற்குள் போனது. 1985 மார்ச்சில் ராமநாதபுரத்தைப் பிரித்தபோது காமராஜர் மாவட்டம். 1997-இல் மாவட்டங்களுக்குச் சூட்டியிருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு எடுத்துவிட, விருதுநகர் மாவட்டம். திண்ணை அதே திண்ணை, வேப்பமரம் அதே வேப்பமரம். தபால்காரர் கொண்டுவரும் கடிதத்தின் கடைசி வரி மட்டும் மூன்று தடவை மாறிவிட்டது!

ஓட்டுப் போடுகிற பெயரும் தப்பவில்லை. 1998-லும் 1999-லும் வைகோ ஜெயித்த சிவகாசி மக்களவைத் தொகுதி ஞாபகமிருக்கிறதா? 2009 தேர்தலில் அந்தப் பெயரையே காணோம். தொகுதி மறுசீரமைப்பில் விருதுநகர் தொகுதி வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, விஸ்வநத்தம் கிராமமா, நகரமா? இதற்கு இரண்டு பதில் உண்டு, இரண்டும் அரசாங்கமே சொல்வது! மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்கள் கையில் மூன்று அளவுகோல். குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். வேலை பார்க்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் அது ‘கணக்கெடுப்பு நகரம்’. விஸ்வநத்தம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய் நிற்க வேண்டிய இடம் ஊராட்சி மன்ற ஆபீஸ். 2021-இல் சிவகாசி நகராட்சியும் திருத்தங்கல் நகராட்சியும் சேர்ந்து 48 வார்டு மாநகராட்சியானபோதும் விஸ்வநத்தம் கோட்டுக்கு வெளியேதான் நின்றது. சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. சேர்த்தால் வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பது ஒரு கட்சி. தண்ணீரும் வாய்க்காலும் ஒழுங்காகும் என்பது இன்னொரு கட்சி. டீக்கடையில் காது கொடுத்துப் பாருங்கள், இரண்டு கட்சியும் ஒரே ஆள் வாயிலிருந்து வரும்!

இந்தப் பக்கம் வழி கேட்பதே ஒரு வரலாற்றுப் பாடம். “அண்ணாச்சி, இந்த அட்ரஸ் எங்கிட்டு இருக்கு?” என்று கேட்டால், “நேராப் போங்க தம்பி, பழைய தீப்பெட்டி ஆபீஸ் வரும், அதுக்கு எதுத்தாப்புல” என்பார். நேராகப் போனால் தீப்பெட்டி ஆபீஸ் இருக்காது. கல்யாண மண்டபம் இருக்கும், அல்லது குடோன், அல்லது அட்டைப்பெட்டி கம்பெனி. எந்த ஊரிலும் இப்படித்தானே என்பீர்கள். மற்ற ஊர்களில் பழைய தியேட்டர் போய் ஜவுளிக்கடை வந்தால் அதற்குக் காரணம் மனைவிலை. சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு பழைய அடையாளத்தையும் கிண்டிப் பாருங்கள். அடியில் ஒரு வரி இருக்கும், ஒரு விதி இருக்கும், அல்லது ஒரு தீர்ப்பு இருக்கும். எங்கோ ஒருவர் போட்ட கையெழுத்து இங்கே சுவராகவும் கூரையாகவும் எழுந்திருக்கிறது. நம்ப முடியவில்லையா? வரிசையாக வாருங்கள்.

1922. இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் தீர்வை போட்டது பிரிட்டிஷ் இந்திய அரசு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அதுவரை சுவீடனும் ஜப்பானும் அனுப்பிய பெட்டியில்தான் இந்தியா அடுப்புப் பற்றவைத்தது. தீர்வையால் வெளிநாட்டுப் பெட்டி விலை ஏறியது, உள்ளூர்க்காரர்களுக்குக் கதவு திறந்தது. மழை பொய்த்துப் பொய்த்துக் காய்ந்த கரிசல் பூமியிலிருந்து சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். மாதக்கணக்கில் தங்கித் தொழில் கற்றார்கள். ஜெர்மனியிலிருந்து மெஷின் தருவித்தார்கள். 1923-இல் தீப்பெட்டி ஆலை தொடங்கியது. இதில் வியப்பு எது தெரியுமா? மெஷின் கட்டுப்படியாகவில்லை! கை வேலைக்கு மாறிய பிறகுதான் தொழிலே தலையெடுத்தது. உலகமெங்கும் கையிலிருந்து மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மெஷினிலிருந்து கைக்கு வந்து ஜெயித்த ஊர் இது. பிறகு இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினார்கள். ஒருவர் பெட்டியில் அணில், இன்னொருவர் பெட்டியில் காக்கா.

கை வேலை என்றால் வீட்டு வேலை. அடிப்பெட்டி, மேல்பெட்டி என்று இரண்டு துண்டு. மெல்லிய மரச்சீவலை மடித்து, நீலத்தாள் சுற்றி, பசை தடவி ஒட்ட வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பாட்டியிலிருந்து பேத்திவரை ஒட்டினார்கள். ஒட்டிய பெட்டிகள் வாசலில் மலை மலையாகக் காயும். நடுத்தெருவில் சைக்கிள் விடக்கூட இடமிருக்காது என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தத் தெருக்காட்சி எங்கே போயிற்று? மரச்சீவல் போய் அட்டை வந்தது. அட்டைப்பெட்டியை மெஷின் மடித்துத் தள்ளியது. இன்று அந்தத் திண்ணைகளில் பாதிக்கு மேல் கிரில் கேட் போட்டு பைக் நிறுத்துகிறார்கள்.

தீப்பெட்டி விலையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1995-இல் ஐம்பது காசு. 2007-இல் ஒரு ரூபாய். அதன்பிறகு 14 வருடம் அசையவே இல்லை! பெட்ரோல் ஏறியது, அரிசி ஏறியது, டீ பல மடங்கு ஏறியது, தீப்பெட்டி மட்டும் அதே ஒரு ரூபாய். கடைசியில் 2021 டிசம்பர் முதல் தேதிதான் இரண்டு ரூபாயானது. பதிலுக்குப் பெட்டியில் குச்சியை 36-லிருந்து 50 ஆக்கினார்கள். அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர் பெட்டிக்கடைக்குள் வந்துவிட்டது. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. மறுபடியும் ஒரு பேனா!

அதிகாலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் கிராமம் கிராமமாக ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ஆலை பஸ், ஒரு காலத்தில் இந்தப் பகுதியின் கோயில் மணி மாதிரி. ஏறியவர்களில் எத்தனையோ பேர் பிள்ளைகள். சிவகாசியின் பட்டப்பெயரை வைத்து எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் 1990-இல் அதை ஊருலகத்துக்குக் காட்டியது. 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்கின் மையத்தில் இருந்தது சிவகாசிதான். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் ஆலை பஸ் இன்று பெரியவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறது. அதே சாலையில் அதன் பின்னாலேயே மஞ்சள் பூசிய பள்ளி வேன்கள் வரிசைகட்டுகின்றன. இந்தக் கட்டுரையில் வருகிற மாற்றங்களில் நான் கொஞ்சமும் ஏங்காத மாற்றம் இது ஒன்றுதான். ‘அந்தக் காலம் போல வருமா’ என்று பேசுகிறவர்கள் இந்த பஸ்ஸைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

பட்டாசுக்கு வருவோம்! ஆலை என்றதும் பெரிய கட்டடம், உயரமான புகைபோக்கி என்று நினைத்தீர்களானால் ஏமாந்தீர்கள். பயர் ஆபீஸ் என்று ஊரார் சொல்லும் பட்டாசு ஆலை, காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன அறைகளின் கூட்டம். அறைக்கும் அறைக்கும் நடுவே கட்டாய இடைவெளி. மருந்து கலக்கும் அறையில் இரண்டு பேர். மற்ற வேலை அறையில் நான்கு பேர். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். இந்த ஆலைகளைச் சுற்றி எதற்கு இவ்வளவு காலி நிலம் என்று கேட்டால் பதில் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. 1940-இல் வந்த வெடிபொருள் விதிகள் உரிமம் கட்டாயம் என்றன, அதோடுதான் முறையான பட்டாசு ஆலைகளே பிறந்தன. உலகப் போரில் சீனப் பட்டாசு வரத்து நின்றதும் தோதாகிப் போயிற்று. ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் 1942-இல் வந்தது.

இன்னொரு வேடிக்கை. “அது நாக்பூரு”, “இது சென்னை”, “அது டிஆர்ஓ” என்று விஸ்வநத்தம் டீக்கடையில் பேசிக்கொண்டால், ஏதோ ஊர்ப்பயணம் போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவை ஆலைகளின் அந்தஸ்து! நாட்டின் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தலைமையகம் நாக்பூரில். பெரிய அளவில் தயாரிக்க அங்கே உரிமம் வாங்க வேண்டும், நடுத்தரத்துக்குச் சென்னை, 15 கிலோவுக்குள் என்றால் மாவட்ட வருவாய் அலுவலர், அவர்தான் டிஆர்ஓ. ஒரு ஆலையின் அகலம், சுற்றுச்சுவர், அறைகளின் எண்ணிக்கை எல்லாம் இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு மராட்டிய நகரத்தின் பெயர் கரிசல்காட்டுப் பேச்சில் இத்தனை சரளமாகப் புழங்குவது வேறெங்கே?

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கே இடங்கள் உண்டு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்து. கிட்டத்தட்ட 40 உயிர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பெயர்கள். விஸ்வநத்தம் வட்டாரமும் விலக்கல்ல. சத்தம் கேட்டால் வீட்டுக்கு வீடு போனை எடுத்து “எந்தப் பக்கம்?” என்று கேட்பது இங்கே இன்றும் பழக்கம்.

2018 அக்டோபர் 23. உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு. பேரியம் நைட்ரேட் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்! பச்சை நிற வெளிச்சத்தைத் தருவதே பேரியம்தான். அதை விலக்கிவிட்டுப் ‘பசுமை’ என்று பெயர் வைத்தால் ஊர் சிரிக்குமா அழுமா? ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. சரம் பின்னுவதையே தலைமுறைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களுக்குக் கை ஓய்ந்தது. முற்றத்தில் சிவப்புத் தாள் சுற்றிய வெடிகளைத் திரியோடு திரி கோத்துச் சரமாகப் பின்னும் காட்சி, விஸ்வநத்தம் போன்ற ஊர்களின் தனி நிறம். அது வெளுத்துப் போனதற்கு வயது இன்னும் பத்துகூட ஆகவில்லை.

அதே நேரம் சாலையோரம் வேறொரு நிறம் ஏறியது. வருடம் முழுக்கத் திறந்திருக்கும் பட்டாசுக் கடைகள்! ‘80% தள்ளுபடி’ என்று ஆள் உயர எழுத்து. எண்பது சதவீதம் தள்ளிக் கொடுத்தும் கடை நடக்கிறதென்றால் முதலில் போட்ட விலை எப்பேர்ப்பட்டது என்று யோசித்துக்கொண்டே வெளியூர்க்காரர்கள் பை பையாக வாங்கிப் போகிறார்கள். வாங்கியதை ரயிலில் கொண்டுபோக முடியாது, பயணிகள் ரயிலில் பட்டாசுக்குத் தடை. சிவகாசியின் சரக்கெல்லாம் லாரி ஏறுவதால்தான் ஊரில் இத்தனை லாரி ஆபீஸ்.

ரயில் என்றதும் நினைவு வருகிறது. விருதுநகர் - தென்காசி பாதை 1927-இல் வந்தது. மீட்டர்கேஜ் காலத்தில் கொல்லம் மெயில் சிவகாசி வழியாகத்தான் செங்கோட்டைக் கணவாய் ஏறிக் கேரளம் இறங்கும். அகலப்பாதையானதும் வண்டி கூடியது, வண்டி கூடியதும் கேட் அடைக்கும் நேரம் கூடியது. சாட்சியாபுரம் ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒவ்வொரு சிவகாசிக்காரருக்கும் சில மாத ஆயுள் போயிருக்கும்! பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு 2024-இல்தான் அங்கே மேம்பால வேலை தொடங்கியது. கேட்டில் நின்ற பஸ்களை நம்பி வெள்ளரிக்காய், கடலை விற்றவர்கள் கதி என்ன என்று எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதுவதில்லை.

அச்சகங்களைச் சொல்லாமல் விட்டால் சிவகாசிக்காரர் சண்டைக்கு வருவார். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும். அதை வெளியூரில் அடித்துக் கட்டுப்படியாகாது. அப்படித்தான் அச்சுத் தொழில் இங்கே குடியேறியது. லேபிளில் தொடங்கி, கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள், நோட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, சினிமா போஸ்டர், லாட்டரிச் சீட்டு என்று அச்சடிக்காததே இல்லை. தமிழ்நாட்டில் லாட்டரி 1968-இல் அண்ணா ஆட்சியில் வந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சி அதற்குத் தடை போட்டது. ஒரே உத்தரவு! பஸ் ஸ்டாண்டுகளில் மைக் வைத்துக் கூவிய கடைகள் மட்டுமா போயின? இங்கே இரவு ஷிப்ட் ஓடிய எத்தனையோ மெஷின்களும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. நேரு சொன்னதாக ஊரே பெருமையோடு சொல்லும் ‘குட்டி ஜப்பான்’ பட்டத்துக்கு உண்மையான சொந்தக்காரர்கள் இந்த அச்சகக்காரர்கள்தான் என்பது என் கட்சி. ஒரு சரக்கு போனால் மறுவாரமே இன்னொரு சரக்கை மெஷினில் ஏற்றிவிடும் சாமர்த்தியம் பட்டாசுக்குக் கிடையாது.

கல்லூரிகளின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? உலகில் வேறெந்தப் பெண்கள் கல்லூரியின் பெயரிலாவது பட்டாசு உண்டா? 1968-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரியின் பெயரில் உண்டு! அதற்கு ஐந்து வருடம் முன்பே அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. 1984-இல் வந்த மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரில் பாதி, ஜெர்மானிய உலோகப்பொடி நிறுவனத்துடையது. பூச்சட்டியில் வெள்ளியாய்ச் சொரிகிற அந்த அலுமினியப் பொடிதான் இங்கே என்ஜினீயர்களையும் உண்டாக்கியிருக்கிறது. பெட்டி ஒட்டிய வீட்டுப் பேத்தி இந்தக் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் பட்டம் வாங்கி ஒசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பது இப்போது சாதாரணம். அடுத்த தலைமுறைக்குச் சரம் பின்ன ஆள் எங்கே என்று முதலாளிகள் புலம்புவதும் சாதாரணம். வடமாநிலத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். டீக்கடைப் பலகையில் இந்தி எழுத்தும் ஏறிவிட்டது.

பழமை என்றால் நூறு வருடம்தானா என்கிறீர்களா? வடக்கே திருத்தங்கலுக்குப் போங்கள், நின்ற நாராயணப் பெருமாள் கோயில், 108 திவ்விய தேசங்களில் ஒன்று. சிலப்பதிகாரத்திலேயே இந்த ஊர் வருகிறது: தவறாகச் சிறைப்பட்ட வார்த்திகன் என்பவருக்குப் பாண்டிய மன்னன் நஷ்ட ஈடாகக் கொடுத்த ஊர் இந்தத் திருத்தங்கல். அந்தக் காலத்துக் கோர்ட்டு உத்தரவு! தெற்கே வெம்பக்கோட்டைக்குப் போங்கள். வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்ததும் சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் ஆட்டக்காய் என்று குவிந்துவிட்டது. சங்கை அறுத்து வளையலாக்கிய பட்டறை வேலைக்கான தடயங்கள்! விவசாயம் பொய்க்கும் பூமியில் கைத்தொழிலை நம்பிப் பிழைப்பது 1923-இல் தொடங்கிய வழக்கமல்ல போலிருக்கிறது.

நேரில் ஒரு நடை போய்வரலாம் என்று தோன்றுகிறதா? தீபாவளி முடிந்த கையோடு போகாதீர்கள், ஆலைகள் பூட்டிக் கிடக்கும். ஆலை வாசலில் நின்று செல்பி எடுக்க நினைக்க வேண்டாம். செல்போனை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள், காவலாளியும் சிரித்த முகத்தோடு பேச மாட்டார். பங்குனிப் பொங்கலுக்கோ சித்திரைப் பொங்கலுக்கோ போனால் மாரியம்மன், பத்ரகாளியம்மன் திருவிழாக்களில் ஊரே வீதியில் இருக்கும். என்னைக் கேட்டால் ஆடிப்பெருக்குதான் சரியான நாள். சிவகாசி அச்சகங்கள் அடுத்த வருடக் காலண்டருக்கான ஆல்பத்தை வெளியிடுவது ஆடி 18-இல். தமிழ்நாட்டுக்கே அந்த வருடத்தில் இன்னும் ஐந்து மாதம் மிச்சமிருக்க, இங்கே மட்டும் அடுத்த வருடம் மேஜைமேல் விரிந்து கிடக்கும். புரட்டிப் பார்த்து அடுத்த தீபாவளி என்றைக்கு என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அன்றைக்கு எந்த வெடி வெடிக்கலாம் என்பதைத்தான் காலண்டர்காரராலும் சொல்ல முடியாது!